பதினோரு பேர்

அத்தியாயம் பதினான்கு

அரை அங்குலம்தான். தங்கை ராசம்மாவின் சட்டையில் கைக்குழியை ஷீலா அரை அங்குலம் பிடித்துத் தைத்திருந்தாள். வேண்டுமென்றே செய்தாயா என்று யாராவது கேட்டிருந்தால், மாதா மேல் சத்தியமாக இல்லை என்றிருப்பாள். ஆனால் இருபத்தேழு வருடமாக ஹட்டன் டவுனில் தையல் மெஷின் மிதிப்பவளுக்குக் கூடப்பிறந்தவளின் அளவு தெரியாமலா போகும்?

மூன்று வாரமாகக் கடையில் பச்சைத் துணியைத் தவிர வேறு நிறமே இல்லை. லிந்துலைப் பக்கத்து ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வந்து, ஒரே நிறத் துணியைக் கொடுத்து அளவு சொல்லிவிட்டுப் போனார்கள். தோட்டத்தை நடத்தும் கம்பனி தன் பங்குகளில் ஐந்தில் ஒன்றை, பெயர் பதிந்து வேலை செய்யும் தொழிலாளிகளுக்கே எழுதிக்கொடுக்கப் போகிறது. அது நடக்கும் சனிக்கிழமைக்கு உடுத்தத்தான் இத்தனை சட்டையும்.

"நல்லாத் தைங்க ஷீலாக்கா. கம்பனிக்காரி போடப்போற சட்டை!" என்று சிரித்தாள் கீழ்ப்பிரிவு வீரம்மா. போகிறபோது வாசலில் நின்று, "டவுன்காரங்களுக்கு ஷேர் கெடையாதாமே, பாவம்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் 'பாவம்' தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை.

பங்கு மட்டும் என்றால்கூட ஷீலா சகித்திருப்பாள். பங்குக்காரத் தொழிலாளிகளின் சார்பில் கொழும்பில் கம்பனியை நடத்தும் பணிப்பாளர் சபையில் உட்கார ஓர் ஆள் வேண்டுமாம். அந்த ஆளைத் தொழிலாளிகளே கை தூக்கித் தெரிவுசெய்வார்களாம். ஆனைக்கல்லில் எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான் இருந்தது. ராசம்மா! ஷீலா கழித்துப்போட்ட பாவாடையை மடித்துத் தைத்துக் கட்டிக்கொண்டு திரிந்த ராசம்மா, நாளைக்குத் துரைமாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரப் போகிறாள்.

இந்த எரிச்சலிலே இருந்தபோதுதான் போன வாரம் ராசம்மாவின் மகள் லோஜினி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தோட்டக் காரியாலயத்தில் ஒட்டியிருந்த பங்குக்காரர் பட்டியல். ராசம்மாவின் வேலை இலக்கமான இருநூற்றுப் பதினான்கில் அவள் பெயர் இல்லை. அங்கே இருந்தது 'செல்லசாமி வேலாயி'.

வேலாயி என்பவள் வேறு யாருமில்லை. ஷீலாதான். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் இன்றுவரை அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஷீலா என்பது மேர்வினைக் கட்டுவதற்கு முன்னால் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர். வேலாயி என்ற பெயர் டவுனில் யாருக்கும் தெரியக்கூடாது என்று, பாங்கியில்கூட அட்டையைக் குப்புற வைத்துத்தான் நீட்டுவாள்.

பதினெட்டு வயதில் அப்பா செல்லசாமி அவளைத் தோட்டத்தில் வேலைக்குப் பதிந்தார். பதினோரு நாள் கொழுந்து எடுத்தாள். அடுத்த நாள் ஞாயிறு சந்தைக்கென்று ஹட்டனுக்குப் போனவள், மேர்வினோடு நின்றுவிட்டாள். வீட்டில் வேலைக்குப் பெயர் இல்லாவிட்டால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பரா கைவிட்டுப் போய்விடும். அப்பா, பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த சின்னவளைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல வேலாயின்னு சொன்னா நீதான் போய் நிக்கணும்" என்றார். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், லயமே அறியும். யாரும் வாய் திறக்கவில்லை. இருபத்தேழு வருடமாக ராசம்மாதான் வேலாயி.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வார்கள். எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். அப்படி ராசம்மா உழைத்த பேரெல்லாம் அக்காவின் பேரில்தான் விழுந்திருந்தது.

"பெரியம்மா, நீங்க வந்து ஒரு சத்தியக்கடதாசியில கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்று லோஜினி கெஞ்சியிருந்தாள். "சனிக்கிழமை நாலு மணியோட பட்டியல மூடுறாங்க."

இன்று அந்தச் சனிக்கிழமை.

காலையில் கடையைத் திறந்ததும் ஷீலா அலுமாரியைத் துழாவிப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். மேர்வின் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"கையெழுத்துப் போட சேர்ட்டிபிக்கட் எதுக்கு?"

"இருக்கட்டுமே. கேட்டா?"

"கேக்கமாட்டாங்க. நீ எதையோ மனசுல வெச்சுக்கிட்டுப் போற."

"என்னத்த வெச்சிருக்கேன்? என் பேரு பட்டியல்ல இருக்கு. போய்ப் பாக்கக்கூடாதா?"

"ஒனக்குத்தான் அந்தப் பேரே புடிக்காதே! கல்யாணத்தன்னைக்கு, வேலாயி செத்துட்டா, இனி ஷீலாதான்னு ஃபாதர்கிட்டயே சொன்னவ நீ."

"செத்தவளுக்கு ஷேர் வந்திருக்கு. போயி என்னான்னு கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் மிச்சமிருந்த பச்சைச் சட்டைகளை ஒரு பைக்குள் அடுக்கினாள். ராசம்மாவின் சட்டையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

மேர்வின் சிரிக்கவில்லை. "ஷீலா, அந்தப் புள்ள ஒன்னோட எடத்துல நின்னதாலதான் நீ என்னோட நிக்க முடிஞ்சிச்சு. அத மறந்துறாத."

எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டாற்போல் இருந்தது அந்த நல்ல வார்த்தை. தன் புருஷனுக்கும் ராசம்மாதான் உயர்த்தி! பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

தலவாக்கலையில் பஸ் மாறி லிந்துலையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கரவண்டியில் ஆனைக்கல்லுக்குப் போய்ச் சேரப் பதினொரு மணியாயிற்று. லயத்து வாசலில் லோஜினி காத்துக்கொண்டு நின்றாள். தோட்டப் பாடசாலையிலேயே ஆசிரியையாக இருப்பவள். பேச்சில் ஒரு கணக்கு இருக்கும்.

"வாங்க பெரியம்மா. அம்மா விடியக்காலையிலருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

"ஏன், நான் வரமாட்டேன்னு நெனச்சாளா?"

"வருவீங்கன்னுதான் பாத்தாங்க."

உள்ளே ராசம்மா ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ப்பேறிய உள்ளங்கை. விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. முன்னறை மாறியிருந்தது. சீமெந்துத் தரை, கண்ணாடி அலுமாரி, சுவரில் லோஜினியின் பட்டமளிப்புப் படம். ஷீலாவின் மகள் டெல்சிக்கு அப்படியொரு படம் இல்லை. அந்தச் சுவரை ஷீலா இரண்டு தரம் பார்த்தாள். மூன்றாந்தரம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த ராசம்மா, வாசலில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் போகவில்லை.

"ஐயையோ, கை தூக்க முடியலக்கா! ஊதிப் போயிட்டேன் போல."

"கை தூக்கிக்கூட ஓட்டுப் போடமுடியாது போலயே!" என்று லோஜினி சிரித்தாள்.

"நான் எதுக்குடி தூக்கணும்? மத்தவங்க தூக்குவாங்க." ராசம்மாவும் சிரித்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, "தையல் முத்து முத்தா இருக்குக்கா. மத்தவங்க சட்டையப் பாத்து மேல்பிரிவுல எல்லாரும் கேட்டாங்க, யாரு தச்சதுன்னு. எங்கக்கா தச்சதுன்னு சொன்னேன்" என்றாள்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் ஷீலாவுக்கு வசதியாக இருந்திருக்கும். பெருமையாகச் சொன்னாள். பிரித்து விடுகிறேன், கொடு என்று வாய் வரை வந்ததை ஷீலா விழுங்கினாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் மேசை போட்டிருந்தார்கள். தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு வாழைக்கன்று கட்டியிருந்தது. பச்சைச் சட்டைகள் வரிசையாக நின்றன. அத்தனையும் தன் கையால் வெட்டித் தைத்தது என்று ஷீலாவுக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த வரிசையில் நிற்க அவளுக்கு மட்டும்தான் இடமில்லை.

மேசையில் கொழும்பிலிருந்து வந்த கம்பனி உத்தியோகத்தர் திலக்ஷன். சின்னப் பையன்தான், முப்பது வயது இருக்காது. அவனுக்குப் பக்கத்தில், சத்தியக்கடதாசிகளுக்கு முத்திரை குத்த வந்திருந்த சமாதான நீதவான் ஞானரட்ணம் மாஸ்டர்.

"ராசம்மா, நாற்காலியில ஒக்காந்ததும் எங்க தண்ணிப் பீலியப் பத்திப் பேசணும், ஆமா!" என்றாள் ஒருத்தி.

"மொதல்ல துரைக்கு டீ ஊத்தச் சொல்லு. நாம குடிச்சுப் பாப்போம்" என்றாள் வீரம்மா. மடுவம் முழுக்கச் சிரித்தது. அப்புறம் ஷீலாவைக் கண்டு, "அட, டவுன்காரங்களும் வந்திருக்காங்க!" என்றாள்.

திலக்ஷன் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். ஷீலா ஒரு தூணோரம் நின்று மற்றப் பெண்களின் முதுகில் தன் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லசாமி வேலாயி!"

"இருக்கேங்க" என்றாள் ராசம்மா.

அதன் பிறகுதான் ஷீலாவுக்கு விளங்கியது, கூப்பிட்டது தன்னை என்று. சொந்தப் பெயரைக் கூப்பிட்டும் காதில் ஏறவில்லை! ராசம்மாவோ மூச்சு விடுகிற மாதிரி பதில் சொல்லிவிட்டாள். களவு போன நகையைக் கள்ளியின் கழுத்தில் பார்த்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் இங்கே களவே இல்லை. வேண்டாமென்று தானே கழற்றி எறிந்துவிட்டுப் போனது.

திலக்ஷன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். "இதுல ராசம்மான்னு இருக்கே?"

லோஜினி முன்னே வந்து, தயாராக அடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். "அதுக்குத்தான் சேர் சத்தியக்கடதாசி. உண்மையான வேலாயி எங்க பெரியம்மா. அவங்களும் வந்திருக்காங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

எல்லாத் தலையும் திரும்பியது. ஷீலா மேசையடிக்குப் போனாள். ஞானரட்ணம் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா. சத்தியக்கடதாசி. வெளையாட்டில்ல" என்றார்.

ஷீலா நிதானமாகப் படித்தாள். தன் பெயர், அட்டை இலக்கம், ஹட்டன் விலாசம். அப்புறம் இந்த வரி: 'எனக்கும் ஆனைக்கல் தோட்டத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லையென்றும், நான் ஒரு நாளேனும் அங்கு வேலை செய்யவில்லையென்றும் இத்தால் சத்தியம் செய்கிறேன்.'

எனக்கும் தோட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஹட்டன் டவுனில் எத்தனை பேரிடம் அவளே வாயாரச் சொல்லியிருக்கிறாள்! இப்போது அதை எழுதித் தந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். பேனை நகரவில்லை.

"இது பொய்" என்றாள்.

"என்ன பெரியம்மா?"

"ஒரு நாளேனும்னு எழுதியிருக்க. நான் பதினோரு பேர் போட்டிருக்கேன். ரெண்டாம் நம்பர் மலையில. ஒரு நாள்கூட அரைப்பேர் இல்ல."

லோஜினி தாளை எட்டிப் பார்த்தாள். "அழுத்தமா இருக்கட்டும்னு போட்ட வார்த்தை பெரியம்மா. பதினோரு நாள்தானே…"

"ஒனக்குப் பதினோரு நாள்தான். அட்டை கடிச்ச கால் என்னோடது."

"இருபத்தேழு வருசம் அட்டை கடிச்ச கால் எங்கம்மாவோடது! சாதாரண தரப் பரீட்சைகூட எழுதாம வந்து நின்னாங்க!"

"லோஜினி, வாய மூடு" என்றாள் ராசம்மா.

ஞானரட்ணம் மாஸ்டர் முத்திரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "பொய்ன்னு காதால கேட்டப்புறம் நான் குத்த முடியாது. முதல் பதினோரு நாட்கள் நீங்கலாகன்னு திருத்தி எழுதுங்க. அதுதான் உண்மை. நான் ஒப்பமிடுறேன்."

திலக்ஷன் தலையை ஆட்டினான். "அது பெரிய சிக்கல் மாஸ்டர். அப்படி எழுதினா ஒரே பேர்ல ரெண்டு பேர் வேலை செஞ்சதா ஆகுது. தலைமைக் காரியாலயம் முடிவு சொல்ற வரைக்கும் இந்தப் பங்க நிறுத்தி வெப்பாங்க. பங்கு இல்லாதவங்க சபைக்கு நிக்கவும் முடியாது. நாலு மணிக்குப் பட்டியல் மூடிரும்."

எல்லாம் ஒரு வார்த்தையில் தொங்கியது. அந்த வார்த்தையை ஷீலா விட்டுக்கொடுத்தால் ராசம்மாவுக்குப் பங்கும் நாற்காலியும். விடாவிட்டால் ஒன்றுமில்லை. ஷீலாவின் வாழ்க்கையில் முதல்தடவையாக ராசம்மாவுக்கு வேண்டிய ஒன்று அவளுடைய கையில் இருந்தது. அது கையில் இருக்கிற சுகத்தை இன்னும் ஒரு நிமிடம் அனுபவிக்கத்தான் அவள் நினைத்தாள். அப்புறம் போட்டுவிட்டிருப்பாள். அப்படித்தான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஒரு நிமிடத்தை ராசம்மா கொடுக்கவில்லை.

"திருத்தியே எழுதுங்க மாஸ்டர்" என்றாள். "பதினோரு பேரும் அக்காவோடதுதான். அத அழிச்சுட்டு எனக்கு ஷேர் வேணாம். நிறுத்தி வெச்சா வெக்கட்டும்."

"பாத்தியாடி ராசம்மா மனச!" என்றாள் வீரம்மா. "தங்கம்டி, தங்கம்! கூடப்பொறந்ததும் இருக்கே…"

யாரோ கை தட்டினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லோரும் தட்டினார்கள். கை தூக்கச் சொல்வதற்கு முன்பே தெரிவு முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஷீலாவின் காது சுட்டது. விட்டுக்கொடுக்கிற பெருமை தனக்கு வரவேண்டியது. அதையும் பறித்துக்கொண்டாள்! தான் பிடித்து வைத்திருந்தாலும் அவள்தான் நல்லவள், தான் கொடுத்தாலும் அவள்தான் நல்லவள்.

சத்தியக்கடதாசியின் அடியில் இன்னொரு தாள் கிடந்தது. பங்கு ஏற்புப் படிவம். 'செல்லசாமி வேலாயி' என்று அழகாக அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

ஷீலா கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டையை எடுத்து, இந்தத் தடவை நிமிர்த்தி, மேசையில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ்.

"இந்தப் பேருக்கு அட்டை கேட்டீங்களே தம்பி. இந்தாங்க."

படிவத்தை உருவி, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். 'செ. வேலாயி.' பழக்கமில்லாத பெயர்.

"பெரியம்மா!" என்று லோஜினி அலறினாள்.

திலக்ஷன் அட்டையைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"பேர் சரி. இலக்கமும் சரி" என்றான் திலக்ஷன் மெல்ல. "எனக்குப் பட்டியலும் அட்டையும்தான் தெரியும். ஆட்சேபனை இருந்தா பதினாலு நாளுக்குள்ள எழுத்துல குடுக்கலாம்." கம்பனி முத்திரையைக் குத்தும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அடிப்பாவி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஷீலா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தாள். சண்டைக்கு வருவாள், அப்போது தானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தாள். ராசம்மா திரும்பி நடந்தாள். மடுவத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய கூடைகளில் தன்னுடையதை இறக்கினாள். இறுக்கிய சட்டைக்குள் கை மேலே போகாததால் எம்பித்தான் எடுக்கவேண்டியிருந்தது. கூடைக்குள் இடுப்பில் சுற்றும் படங்கு மடித்து வைத்திருந்தது. இரண்டையும் கொண்டுவந்து, மை காயாத படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேலாயின்னா இதுவும் சேந்துதான்" என்றாள். குரல் உயரவில்லை. "திங்கக்கெழம ஏழு மணிக்குப் பெரட்டு. பேர் கூப்புடுவாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். நாலாம் நம்பர் மலை, செங்குத்து, மழை பேஞ்சா வழுக்கும். பதினெட்டுக் கிலோ குறைஞ்சா அரைப்பேருதான்."

"அம்மா, என்ன பேசுறீங்க? காம்பரா…" என்று லோஜினி அவள் கையைப் பிடித்தாள்.

"காம்பராவும் வேலாயி பேர்லதாம்மா இருக்கு." ராசம்மா மகளைப் பார்க்காமலே சொன்னாள். அவளுடைய கண் அந்தக் கையெழுத்தின் மேலேயே இருந்தது. இருபத்தேழு வருடமாகத் தான் ஒரு தடவைகூடப் போடாத கையெழுத்து. சம்பளத் தாளிலெல்லாம் விரல் அடையாளம் வைத்தே ஒப்பேற்றியிருந்தாள். அந்தப் பார்வை என்னவென்று ஷீலாவுக்கு உடனே தெரிந்தது. மூன்று வாரமாகத் தன் கண்ணாடியில் தினமும் பார்த்த பார்வை அது.

சும்மா ஒரு கோபத்தில் போட்டேன், கிழித்துப்போடுங்கள் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. மணி ஒன்றுகூட ஆகவில்லை.

ஷீலா கூடையின் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏழு மணிக்கா?" என்றாள். "ஆறரைக்கே வந்து நிக்கிறேன்."